ரோமில் பார்த்த கூரையும் நம் மண்டபத்துச் சுவரும்

 

நானும் வீட்டுக்காரம்மாவும் ஊரில் இல்லாத இரண்டு வெள்ளிக்கிழமையும் அன்னதானத்தைப் பார்த்துக்கொண்ட இளைஞர் பகுதிப் பிள்ளைகளுக்கு முதலில் நன்றி. திரும்பி வந்ததிலிருந்து, "அண்ணே, ரோம் எப்படி இருந்துச்சு, படம் போடுங்க"ன்னு ஆளாளுக்குக் கேட்கிறீங்க. போடுவதற்கு என்னிடம் படம் இல்லை. நான் பார்த்ததில் பெரிய இடம் எதுவோ அங்கே போனை வெளியே எடுக்கவே விடவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, பாதியில் விட்டுவிடாதீங்க.

எங்கள் மூத்த மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள் என்று பல பேருக்குத் தெரியும். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு அவள் கொடுத்த பரிசுதான் இந்தப் பயணம். அதில் ஒரு நாள் காலை வத்திகன் அருங்காட்சியகம். "அப்பா, இது சாதாரண டிக்கெட் இல்லை. எட்டு மணிக்குப் பொதுமக்களுக்குத் திறப்பாங்க. நீங்க அதுக்கு முன்னாடியே வழிகாட்டியோட உள்ளே போகலாம்" என்றாள். விலையைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு அவள் போனில் பார்த்துவிட்டேன். சாதாரண டிக்கெட் 20 யூரோ. இது ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல். நம் காசுக்கு ஐந்நூறு வெள்ளி. ஒரு ஆளுக்கு!

காசுகூட பரவாயில்லை. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. தைப்பூசத்தன்று வரிசையைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். "நான் இன்னாருக்குச் சொந்தம், நான் இவ்வளவு நன்கொடை கொடுத்தவன், சைடு கதவைத் திறந்து விடு"ன்னு வருகிறவர்களிடம் பதினைந்து வருஷமாக வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். சாமிக்கு முன்னால் எல்லாரும் ஒரே வரிசை என்று மேடையில் மைக் பிடித்துப் பேசியும் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் இப்போது ஐந்நூறு வெள்ளி சைடு கதவில் போகப் போகிறேன். மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, அது மியூசியம், கோயில் இல்லை" என்றாள்.

முழுக்க அப்படியும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கோயில் கதவைத் திறக்கிற நேரம், உடம்புக்குப் பழகிவிட்டது. குளித்து, திருநீறு பூசி, கிளம்பினோம். அங்கே உடைக்குக் கட்டுப்பாடு உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண் பெண் யாராக இருந்தாலும் சரி. வீட்டுக்காரம்மா சேலைதான். எனக்கு முழுக்கால் சட்டை. நம் கோயிலில் அரைக்கால் சட்டையோடு வருகிற தம்பிகளை நான் வாசலில் நிறுத்தினால் முகம் சுளிக்கிறீங்களே, அங்கேயும் அதேதான்!

அது ஒரு உயரமான கோட்டைச் சுவர். அந்தச் சுவரை ஒட்டியே நடைபாதை. ஏழு மணிக்கு அதில் நடந்து போகும்போது பொது வரிசை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, ரொட்டி கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் அவர்களைத் தாண்டி நேராக முன்னால் போனோம். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தைப்பூசத்தில் நான் பார்க்கிற அதே பார்வை.

எங்கள் குழுவில் பதினைந்து பேர் இருப்போம். வழிகாட்டி ஒரு இத்தாலியப் பெண்மணி, என் வயசுதான் இருக்கும். எல்லார் காதிலும் மாட்ட ஒரு கருவி கொடுத்தார். அவர் மெதுவாகப் பேசினாலும் நமக்குக் கேட்கும். விமான நிலையம் மாதிரி பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். முதலில் ஒரு பெரிய முற்றம். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே வெண்கலத்தில் ஒரு பைன் மரக்காய் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் படம் போட்ட பலகைகள். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாதாம். அதனால் எல்லாவற்றையும் இந்தப் பலகைகளைக் காட்டி வெளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. நம் கோயிலில் அபிஷேகம் நடக்கும்போது பக்கத்தில் நின்று கதை பேசுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதில் எனக்கு முதலில் பிடித்தது சாவிக் கதை. அந்த அருங்காட்சியகத்துக்கு மொத்தம் 2,797 சாவிகளாம். தினமும் விடியற்காலையில் கதவைத் திறப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், வழிவழியாக வருகிற வேலை. சிஸ்டைன் சிற்றாலயத்துச் சாவிக்கு மட்டும் நம்பர் கிடையாதாம். அதை உறையில் போட்டு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். வீட்டுக்காரம்மா என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். நம் கோயிலுக்கு ஏழு சாவி. அதற்கே நான் வாரம் ஒரு தடவை வீட்டைப் புரட்டிப் போடுகிறேன்.

பிறகு நடந்தோம். அருங்காட்சியகம் பெரிசு, சொல்லி முடியாது. கூட்டம் வருவதற்கு முன்னால் சிற்றாலயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதால் வேகமாகத்தான் கூட்டிப் போனார். சிலைகள், திரைச்சீலைகள் தொங்குகிற நீளமான கூடம், அதற்கப்புறம் வரைபடக் கூடம். இந்த வரைபடக் கூடம் 120 மீட்டர் நீளம். இத்தாலி நாட்டின் ஒவ்வொரு பகுதியையும் சுவரில் வரைந்திருக்கிறார்கள், மொத்தம் 40 படம். 1580-களில் வரைந்தது. கூரை முழுக்கத் தங்கப் பூச்சு. அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் இருந்தார். தலைக்கு மேலே அவ்வளவு தங்கம், அவர் அதைப் பார்க்கவே இல்லை. தரையில் ஒரு கறையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் நம் கோயில் கருவறைக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது நானும் அப்படித்தான். என் கண்ணுக்குத் தரையில் இருக்கிற எண்ணெய்தான் தெரியும்.

அப்புறம் படிகள் இறங்கி, ஒரு சின்னக் கதவு. சிற்றாலயம்.

வாசலில் வீட்டுக்காரம்மா நின்றுவிட்டாள். "செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டாள். வழிகாட்டி புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியும் அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான். சாமி இருக்கிற இடத்தில் சப்பாத்தோடு நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கூசிக் கூசித்தான் கால் வைத்தேன். சில பேர் "முருகன் கோயில் தொண்டர் எதுக்கு அங்கே போகணும்"ன்னு கமெண்ட் போடுவீங்க, தெரியும். விருந்தாளியாகப் போனேன், கும்பிட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

இடம் நான் நினைத்த அளவுக்குப் பெரிசு இல்லை. 40 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம். எங்கள் கம்பெனி ஸ்டோர் இதைவிடப் பெரிசு. ஆனால் உயரம் 20 மீட்டர். அந்த 20 மீட்டருக்கு மேலே வளைந்த கூரை முழுக்க ஆட்கள். உலகத்தைப் படைத்ததிலிருந்து நோவாவின் கதை வரைக்கும் நடுவில் ஒன்பது காட்சிகள். அதைச் சுற்றிப் பெரிய பெரிய உருவங்கள், ஒவ்வொன்றும் கீழே இறங்கி வந்துவிடும் போல. நீலம், பச்சை, ஆரஞ்சு, ரோஸ். நேற்றுதான் பெயிண்ட் அடித்த மாதிரி.

அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஐம்பது அறுபது பேர்தான். யாரும் பேசவில்லை. சுவர் ஓரமாக உட்கார இடம் இருக்கிறது. உட்கார்ந்து தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வீட்டுக்காரம்மா கையைக் கூப்பிக்கொண்டாள்.

என் வேலைப் புத்தி அங்கேயும் போகவில்லை. இதை எப்படிச் செய்திருப்பான் என்றுதான் யோசித்தேன். வழிகாட்டி முற்றத்தில் சொல்லியிருந்தார். மைக்கேலாஞ்சலோ என்கிற அந்த மனுஷன் சிற்பி. கல் செதுக்குகிறவன். கூரைக்குப் படம் வரைய அவனுக்கு இஷ்டமே இல்லை, அப்போதைய போப்பாண்டவர் விடவில்லை. 1508-ல் ஆரம்பித்து 1512-ல் முடித்திருக்கிறான். படுத்துக்கொண்டு வரைந்தான் என்று நாம் கேள்விப்பட்டது தப்பாம். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்தபடிதான் வரைந்தானாம். பத்து நிமிஷம் பார்த்ததற்கே எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

சுவரில் ஈரச் சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். காயும்போது வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் காலையில் பூசுவார்கள். ஒரு நாள் வேலை எங்கே முடிந்தது, அடுத்த நாள் வேலை எங்கே ஆரம்பித்தது என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் கோடு தெரியுமாம். பின்பக்கம் பலிபீடத்துச் சுவர் முழுக்க இன்னொரு பெரிய படம், கடைசி நாள் தீர்ப்பு. அதை அவனே தன் 61 வயதில் ஆரம்பித்து 66 வயதில் முடித்திருக்கிறான். சுமார் 450 நாள் வேலை என்று கணக்கு. எனக்கு அது 450 ஷிப்ட் என்றுதான் காதில் விழுந்தது. இந்த வயசில் ஒரு ஷிப்ட் நின்றாலே எனக்கு முழங்கால் வீங்குகிறது.

ஆனால் அன்று என்னை உலுக்கியது அவன் வரைந்த கதை இல்லை. கழுவின கதை.

முற்றத்துப் பலகையில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்று கழுவுவதற்கு முன், ஒன்று கழுவிய பின். முன்னால் எடுத்த படத்தில் எல்லாம் ஒரே பழுப்பு. கறுத்துப்போன ஆட்கள், கறுத்துப்போன வானம். ஐந்நூறு வருஷத்து மெழுகுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை. அது போதாதென்று இடையில் யார் யாரோ சுத்தம் பண்ணுகிறேன் என்று மேலே பூசின பசை, அதுவும் நாளாக ஆகக் கறுத்துவிட்டது. 1625-ல் ஒருத்தர் துணியாலும் ரொட்டியாலும் தேய்த்துச் சுத்தம் செய்தாராம்.

1980-ல் ஒழுங்காக ஆரம்பித்தார்கள். ஜப்பான் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று செலவை ஏற்றுக்கொண்டது. மைக்கேலாஞ்சலோ சாரம் கட்ட அன்றைக்குச் சுவரில் போட்ட ஓட்டைகள் இருந்ததாம், அதே ஓட்டைகளில்தான் இவர்களும் சாரத்தைப் பொருத்தினார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது, சூப்பர்வைசர் ஆச்சே! ஒரு சின்ன இடத்தை எடுத்துக்கொள்வார்கள். மருந்தைத் தூரிகையால் தடவி, மூன்று நிமிஷம் விட்டு, ஸ்பாஞ்சால் தண்ணீர் தொட்டுத் துடைப்பார்கள். அப்புறம் 24 மணி நேரம் ஒன்றும் செய்யாமல் விடுவார்கள். தேவை என்றால் மறுநாள் இன்னொரு தடவை. அடுத்த இடம். இப்படியே கூரை முடிய 1989 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தீர்ப்புப் படம், அது 1994 வரைக்கும்.

கூரையை வரைந்தது நாலு வருஷம். கழுவினது ஒன்பது வருஷம்.

அதிலும் எல்லாரும் சந்தோஷப்படவில்லையாம். அவனே காய்ந்த பிறகு மேலே தீட்டின நிழல்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று படித்தவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று சொல்ல எனக்கு அறிவு பத்தாது. ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். அங்கங்கே சின்னச் சின்னக் கட்டமாகக் கறுப்பைக் கழுவாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். முன்னே எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று. உள்ளே உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவ்வளவு பெரிய கூரையில் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நம் மண்டபத்துச் சுவர் ஞாபகம் வந்தது. வந்ததும் மேலே பார்க்க முடியவில்லை.

புதுசாக நம் தாமானுக்கு வந்தவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். இது தோட்டமாக இருந்தபோது கட்டிய கோயில். மண்டபத்தில் இப்போது நாற்காலிகள் அடுக்கி வைக்கிற பக்கத்துச் சுவர் இருக்கிறதே, அதில் முன்பு ஒரு படம் இருந்தது. மாம்பழக் கதை. சிவபெருமானும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நாரதர் பழத்தோடு நிற்க, பிள்ளையார் சுற்றி வர, முருகன் மயிலில் பறந்து போகிற படம். வரைந்தவர் பால்மரம் வெட்டிய ஒரு தாத்தா. லயத்தில் எல்லாரும் பெயிண்டர் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கும் போய்ப் படித்தவர் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சின பெயிண்டில் வரைந்தார் என்று எங்கள் அப்பா சொல்லுவார். கயிலாய மலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் தினமும் வெட்டுக்குப் போகும்போது எதிரே தெரிகிற ஜெராய் மலையைப் பார்த்து வரைந்துவிட்டார். முருகன் பறக்கிறதுக்குக் கீழே வரிசையாகப் பால்மரம், மரத்துக்கு மரம் மங்கு கட்டியிருக்கும். சின்ன வயசில் எத்தனை மங்கு என்று நாங்கள் எண்ணுவோம். ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும்.

போன கும்பாபிஷேகத்துக்கு முன்னால் திருப்பணி நடந்தபோது அந்தச் சுவர் புகை படிந்து, எண்ணெய் வழிந்து, ஒரு மூலையில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. நாரதர் முகமே தெரியவில்லை. அசிங்கமாக இருக்கிறது, கும்பாபிஷேகத்துக்கு வெளியூரிலிருந்து எல்லாரும் வருவார்கள் என்று பேச்சு வந்தது. கூட்டத்தில் முடிவு எடுத்தார்கள் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. "கூலி கொடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே முடிச்சிடறேன்" என்று கை தூக்கியது நான். உப்புத்தாளால் தேய்த்தேன். சீலர் ஒரு கோட்டு, கிரீம் கலர் பெயிண்ட் இரண்டு கோட்டு. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். பளிச்சென்று இருந்தது.

அங்கே ஒன்பது வருஷம். இங்கே நான் அரை நாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய லயத்துப் பாட்டி ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு செம்பருத்திப் பூ வைத்துவிட்டுத்தான் கருவறைப் பக்கமே போவார். நான் பெயிண்ட் அடித்த பிறகும் அதே இடத்தில் வெறும் சுவருக்குக் கீழே பூ வைத்தார். கண் சரியில்லை, தெரியாமல் வைக்கிறார் என்று நினைத்தேன். சாமி இங்கே இல்லை பாட்டி, அங்கே போடுங்க என்று ஒரு தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "இருக்கு ய்யா, நீதான் மூடி வெச்சிருக்க" என்றார். நான் சிரித்துவிட்டு, பூவை எடுத்துக் குப்பையில் போட்டேன். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

சிற்றாலயத்துக்குள் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. திடீரென்று இரைச்சல். பொது வாசலைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் புகுந்த மாதிரி கூட்டம் வந்தது. ஐந்து நிமிஷத்தில் தரை தெரியவில்லை. காவலர்கள் "சிலென்சியோ! நோ போட்டோ!" என்று கத்துகிறார்கள். ஒலிபெருக்கியிலும் அதையே சொல்கிறார்கள். நகருங்க, நகருங்க என்று கையைக் காட்டுகிறார்கள். பேசாதே என்று கத்துகிறவன் சத்தம்தான் எல்லாவற்றையும்விட அதிகம். தைப்பூசத்தில் நான் எப்படி இருப்பேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரு காவலரைப் பார்த்து, "நானும் இந்த வேலைதான் தம்பி" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, வாசலைக் காட்டினார்.

ஆண்டுக்கு அறுபது லட்சம் பேருக்கு மேல் அங்கே வருகிறார்கள். அவ்வளவு பேர் விடுகிற மூச்சும் வியர்வையும் தூசியும் படத்துக்கு ஆகாது என்று 2014-ல் புதுக் குளிர்சாதன வசதியும் புது விளக்குகளும் போட்டார்களாம். கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறும்போது, அந்த வரிசையில் பார்த்த பெரியவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவருக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்த அந்த அமைதி அவருக்குக் கிடைக்கவில்லை. மகளிடம் இதைச் சொல்லவில்லை, அவள் மனசு கஷ்டப்படும். ஆனால் சைடு கதவு பற்றி என் எண்ணம் மாறவில்லை. அமைதி வேண்டும் என்றால் எல்லாருக்கும் விடியற்காலையிலேயே கதவைத் திறக்கணும். நம் கோயில் ஐந்தரைக்குத் திறந்திருக்கிறது, யாரும்தான் வருவதில்லை. சரி, அது வேறு கதை.

வெளியே வந்து காப்பி குடிக்கும்போது வழிகாட்டியிடம் என் மகளை மொழிபெயர்க்கச் சொல்லிப் பேசினேன். எங்கள் கோயிலில் ஒரு படம் இருந்தது, நான் மூடிவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தீர்ப்புப் படம் இருக்கிற அந்தச் சுவரில் முன்பு பெருஜினோ என்கிற பெரிய ஓவியர் வரைந்த படங்கள் இருந்தன, அவற்றை அழித்துவிட்டுத்தான் மைக்கேலாஞ்சலோ வரைந்தான் என்றார். கூரை வேலையோடு அவனே அந்தச் சுவரின் உச்சியில் வரைந்திருந்த பகுதியும் அதோடு போய்விட்டதாம். கூரையிலும் அதற்கு முன்னால் நீல வானமும் தங்க நட்சத்திரங்களும்தான் இருந்தன. பிறகு, தீர்ப்புப் படத்தில் உருவங்கள் ஆடையில்லாமல் இருக்கின்றன என்று சொல்லி, 1564-ல் வேறு ஒரு ஓவியரை விட்டு மேலே துணி வரைய வைத்திருக்கிறார்கள். கழுவும்போது அந்தப் பழைய துணிகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், அதற்கும் பின்னால் வந்தவர்கள் பூசினதில் சிலவற்றை மட்டும் எடுத்தார்களாம். மூடினவன் வேலையும் நாள்பட்டால் வரலாறு ஆகிவிடுகிறது போல. என் கிரீம் கலருக்கு அந்த மரியாதை வேண்டாம்.

போகும்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை ஊர் வரைக்கும் தூங்க விடவில்லை. "பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தேய்த்தீர்களா?" என்று கேட்டார்.

தேய்த்தேன். எவ்வளவு அழுத்தித் தேய்த்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. சில இடத்தில் லேசாக, சில இடத்தில் கோபமாக. பூஞ்சணம் இருந்த பக்கம் சுண்ணாம்பே கொட்டியது. முருகன் இருந்த பக்கம் எப்படித் தேய்த்தேன் என்று விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே போய் அந்த நாற்காலிகளை நகர்த்திப் பார்த்தேன். ஏர்கோன் தண்ணீர் சொட்டி ஒரு இடத்தில் சுவர் ஈரமாகி, பெயிண்ட் உப்பியிருந்தது. தொட்டதும் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. உள்ளே நீலம்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தின்னர் வாங்கி வந்து மிச்சத்தையும் எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, தயவு செஞ்சு நீங்க ஒன்னும் பண்ணாதீங்க" என்றாள். பண்ணவில்லை. ஒருநாளும் அப்படி ஒரு வேலையை நான் தள்ளிப் போட்டதில்லை.

விஷயம் என்னவென்றால், அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணியில் அந்தச் சுவரைக் கொத்திவிட்டு ஆள் உயரத்துக்கு மார்பிள் ஒட்டுவதாகத் திட்டம் இருக்கிறது. துடைக்கச் சுலபம் என்று அதற்கும் முதலில் ஆமாம் போட்டவன் நான்தான். போன வாரக் கூட்டத்தில் எழுந்து, வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். இன்னொருத்தர், "அண்ணே ரோமுக்குப் போய்ட்டு வந்துட்டாரு, இனிமே நமக்கு வேலை ஓடாது" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்றே தெரியாமல் மார்பிள் உபயக்காரரிடம் எப்படி நிறுத்தச் சொல்வது? பழைய சுவர் ஓவியத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வர எனக்கு இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். மகள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் முதலில் கேட்டது, பழைய படத்தின் போட்டோ இருக்கிறதா என்றுதான்.

கோயில் அலமாரியில் தேடிவிட்டேன். இல்லை. அந்தக் காலத்தில் யார் சுவரைப் படம் எடுத்தார்கள்? ஆனால் அந்த மண்டபத்தில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது! மணமேடை அந்தச் சுவருக்கு முன்னால்தான் போடுவார்கள். உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தில், காதணி விழா, நிச்சயதார்த்தப் படங்களில், மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு மயில் தோகையோ, மலையோ, மங்கு கட்டின ஒரு மரமோ தெரிந்தாலும் போதும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கொண்டு வாங்க. மங்கலாக இருந்தாலும் கொண்டு வாங்க. எங்கள் வீட்டு ஆல்பத்தில் நாரதரின் ஒரு கையும் பழமும் மட்டும் கிடைத்திருக்கிறது, மீதியை என் மாமனாரின் தலைப்பாகை மறைத்துவிட்டது.

என் கையோடு வந்த அந்தச் சில்லை ஒரு காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே தெரிகிற நீலம் மயில் கழுத்தா, ஜெராய் மலையா, வெறும் வானமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவரில் அந்த இடம் எங்கே வருகிறது என்று உங்கள் படங்களில் ஒன்றைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு ஆல்பத்தோடு வாங்க. பூசை முடிந்த பிறகு நான் மண்டபத்தில் அந்தச் சுவர்ப் பக்கம்தான் இருப்பேன். போட்டோவை ஆல்பத்திலிருந்து உருவி எடுக்க வேண்டாம். பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கிழிந்துவிடும். அப்படியே கொண்டு வாங்க, நான் போனில் எடுத்துக்கொள்கிறேன்.